காகக் குஞ்சும் கலங்கிய தகப்பனும்



ஒல்லாந்தர் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் கண்முன் முதலில் தோன்றுவது யாழ்ப்பாணக் கோட்டையின் தடித்த மதில்களே. 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் நம் முன்னோரின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்ததும், குருக்களின்றி மந்தை தவித்திருந்த வேளையில் 1687இலே புனித யோசேப் வாஸ் அடிகளார் வறியவர் கோலத்தில் இங்கு வந்து சேர்ந்ததும் நாம் சிறுவயது முதல் கேட்டுவந்த வரலாறு. அவர்கள் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் 'கந்தோர்' என்ற அவர்களுடைய சொல் நம் நாவைவிட்டுப் போகவில்லை.

இன்று அந்த ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்த ஒரு திரைப்படத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். ஞானப் புத்திமதி சொல்ல வேண்டிய பக்கத்திலே படக்கதை எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துவேன். கத்தோலிக்கரின் அனைத்துலகத் திரைப்பட அமைப்பு 1928இல் ஆரம்பிக்கப்பட்டதே ஒல்லாந்தின் ஹேக் நகரிலேதான். 1936இலே திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் வரைந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றித் தனியானதோர் ஏட்டைத் தந்தது. நல்ல படமொன்று நல்ல உவமையைப் போன்றது. நம் ஆண்டவர் தம் உவமைகளை எங்கிருந்து எடுத்தார்? விதைக்கிற வயலிலிருந்தும், இழுக்கிற வலையிலிருந்தும், அண்ணன் தம்பி பிணக்கிலிருந்தும் அன்றோ எடுத்தார்?

கதை இதுதான்

படத்தின் பெயர் 'கௌபோய்'. நெறியாளர் பௌடவைன் கோலே. 2012ஆம் ஆண்டு பேர்லின் திரைப்பட விழாவிலே முதற்படத்துக்கான விருதைப் பெற்றது. அதே ஆண்டிலே ஐரோப்பியத் திரைப்படக் கழகத்தின் இரு விருதுகளும் இதற்குக் கிடைத்தன. அவற்றுள் ஒன்று இளம் பார்வையாளர்கள் தெரிவுசெய்து கொடுத்த விருது. ஆகவே இது பெரியவர்களின் மெச்சுதலை மாத்திரம் பெற்ற படமல்ல. பிள்ளைகளே தங்கள் கதையென்று ஏற்றுக்கொண்ட படம்.

ஒல்லாந்து மொழியிலே 'கௌ' என்றால் காக இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. நம்மூர்க் காகத்திலும் சற்றுச் சிறியது. நம்மூர்க் காகத்தைப் போலவே கழுத்தில் சாம்பல் நிறம் படர்ந்தது. மரப்பொந்துகளிலும், புகைபோக்கிகளிலும், பழைய கோவிற் கோபுரங்களின் இடுக்குகளிலும் கூடு கட்டும். மாடு மேய்ப்பவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இந்தப் பறவையின் பெயரைச் சேர்த்து, 'காகப் பையன்' என்று பொருள்படப் படத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

யோயோ என்பவன் பத்து வயதுச் சிறுவன். தகப்பனோடு தனியே வாழ்கிறான். தகப்பன் றொனால்ட் ஒரு காவற் பணியாளன். வேலை முடிந்து களைத்துப்போய் வருவான். சில நாட்களில் மகனோடு சேர்ந்து சிரித்து விளையாடுவான். சில நாட்களில் காரணமே தெரியாமல் சீறி விழுவான். வீட்டிலே தாயில்லை. தாய் ஒரு பாடகி. அவள் பாட்டுக் கச்சேரிகளுக்காகத் தூரதேசம் போயிருக்கிறாள் என்பதுதான் யோயோ சொல்லும் கதை. அவளோடு தொலைபேசியிலே பேசுகிறான். வீட்டுச் சமாசாரம் எல்லாம் சொல்லுகிறான். நாமும் நம்பிவிடுகிறோம்.

ஒருநாள் கூட்டிலிருந்து தவறி விழுந்த ஒரு காகக் குஞ்சை அவன் கண்டெடுக்கிறான். பறவையும் பிராணியும் வீட்டுக்குள் கூடாது, அவற்றின் இடம் வெளியே என்பது தகப்பனின் கட்டளை. ஆகவே பையன் அதைத் தகப்பன் கண்ணுக்கு மறைத்து வளர்க்கிறான். தானே உணவூட்டுகிறான், அதோடு பேசுகிறான், 'ஜக்' என்று பெயரும் இடுகிறான். தாயின் பிறந்தநாள் நெருங்குகிறது. அதைக் கொண்டாட வேண்டும் என்று யோயோ ஆயத்தம் செய்யச் செய்யத் தகப்பனின் முகம் கறுக்கிறது. கடைசியிலே உண்மை வெளியாகிறது. அந்தத் தாய் எந்தத் தூரதேசத்துக்கும் போகவில்லை. அவள் இறந்துவிட்டாள். பையன் இத்தனை நாளும் எவரும் கேளாத தொலைபேசியிலேதான் பேசிக்கொண்டிருந்தான்.

மிகுதியை நான் சொல்லப்போவதில்லை. படத்தைக் காண வாய்ப்புள்ளவர்கள் கண்டு அறியட்டும்.

இரண்டு ஒளிப்புகள்

வாசகர்களே, அந்தச் சின்ன வீட்டிலே இரண்டு ஒளிப்புகள் இருந்தன. மகன் ஒரு குஞ்சை ஒளித்தான். தகப்பன் ஒரு சாவை ஒளித்தான். குஞ்சை ஒளித்தவன் பிள்ளை, அவனை மன்னித்துவிடலாம். சாவை ஒளித்தவனை என்ன சொல்வது?

அவன் கெட்டவனல்லன். குடித்துவிட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டவனுமல்லன். வேலைக்குப் போனான், வீட்டைக் காத்தான். மனைவி இறந்த பிறகு தனக்குப் பழக்கமில்லாத ஒரு பொறுப்பு, எவரும் கற்றுக்கொடுக்காத ஒரு பொறுப்பு, திடீரென்று தன் தோள்மேல் விழுந்ததைச் சுமந்தான். ஆனால் அவன் அழவில்லை. அழாத கண்ணீர் உள்ளே புளித்தது. கோபமாய் வெளியே வந்தது. மகன் தாயின் பேரை எடுக்கும்போதெல்லாம் தன் புண்ணில் கை பட்டவனைப்போல் துடித்தான். மகனோ தகப்பன் வாய்திறவாததனால் தாயைத் தானே உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒல்லாந்து தூரதேசம். அங்கே குளிர், இங்கே வெயில். ஆனால் இந்த வீடு நமக்கு அந்நியமானதா? 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது பெண்களும் குழந்தைகளுமே அதிகமாக மடிந்தார்கள். நம் கரையோரப் பங்குகளிலே ஒரே காலைப்பொழுதில் மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு நின்ற தகப்பன்மாரை நாம் அறிவோம். போரிலே மனைவியை இழந்தவர்களையும் அறிவோம். நோயினால் இழந்தவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. பிழைப்புக்காக மனைவி மத்தியகிழக்கு நாட்டில் வேலைசெய்ய, இங்கே பிள்ளைகளோடு தனித்து நிற்கும் தகப்பன்மாரும் உண்டு. விதவைகளைப் பற்றி நாம் பேசுகிறோம், அது முறையே. மனைவியை இழந்த ஆணைப் பற்றிப் பேசுகிறோமா? 'ஆம்பிளைதானே, சமாளிப்பான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

என்னுடைய தவறு

இதை எழுதும்போது என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சில வருடங்களுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு கரையோரப் பங்கிலே ஒரு இளந்தாய் நோயினால் இறந்தாள். கணவன் மீன்பிடித் தொழிலாளி. இரவிலே கடலுக்குப் போகிறவன். எட்டு வயதிலே ஒரு மகள், நாலு வயதிலே ஒரு மகன். சவ அடக்கத்தன்று அவன் பெட்டியடியிலே விழுந்து அழுதபோது நான் அவன் தோளைத் தட்டி, 'பிள்ளைகளுக்காகத் தைரியமாயிரும், அழாதேயும்' என்று சொன்னேன். அவன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதன் பிறகு அவன் அழுததை எவரும் காணவில்லை. குருவானவர் சொல்லிவிட்டார் அல்லவா?

சின்னவனை அன்றைக்குப் பக்கத்து ஊரிலே உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். தாயின் சடலத்தை அவன் காணவில்லை. 'அம்மா ஆஸ்பத்திரியிலே நிற்கிறா' என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் நாலு மணி பஸ் வரும் நேரம் அந்தக் குழந்தை ஒழுங்கை முகப்பிலே போய் நிற்கும். பஸ் போன பிறகு வீட்டுக்குத் திரும்பி வரும். இதை ஊரெல்லாம் கண்டது, நானும் கண்டேன். எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்தபோது உறவினர்கள் என்னிடம் வந்தார்கள். இரவில் கடலுக்குப் போகிறவன் எப்படிப் பிள்ளை வளர்ப்பான்? மகளைப் பட்டணத்திலே ஒரு விடுதியில் சேர்ப்பது, மகனை மாமி வீட்டில் விடுவது என்று முடிவாயிற்று. விடுதிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நானே. நல்ல மனதோடுதான் எழுதினேன். தகப்பனிடம் 'உம்முடைய விருப்பம் என்ன?' என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதம் சென்று ஒருநாள் காலை அவன் அறைவீட்டு வாசலில் வந்து நின்றான்.

'சுவாமி, பிள்ளையளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரப்போறன்' என்றான்.

'நீர் இரவிலே கடலுக்குப் போகிறவர். எப்படிப் பார்ப்பீர்?' என்றேன்.

'இனிக் கரைவலைக்குப் போறன் சுவாமி. உழைப்புக் குறைவுதான். ஆனா ராவில வீட்டில நிப்பன்' என்றவன், சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னான்: 'தாயில்லாத பிள்ளையளெண்டு கொண்டுபோய் விட்டம். இப்ப அதுகள் தகப்பனும் இல்லாத பிள்ளையளாப் போச்சுதுகள்.'

நான் பல ஆண்டுகள் குருமடத்திலே இறையியல் படித்தவன். அந்த ஒரு வசனத்துக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் கோவிலுக்கு வந்தபோது அவளுடைய தலைப்பின்னல் ஒருபக்கம் சரிந்து கிடந்தது, தகப்பன் பின்னியது. சில பெண்கள் சிரித்தார்கள். நாலைந்து கிழமையில் பின்னல் நேரானது. அயல்வீட்டுப் பெண்பிள்ளையொருத்தி அவனுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒருநாள் அவன் சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டு சேமக்காலைக்குப் போனான். நானும் கூடப் போனேன். அவன் கேட்டுக்கொண்டபடியால் போனேன். சிலுவையைக் காட்டி, 'அம்மா செத்துப் போனா மேனே. இஞ்சதான் அடக்கம் செய்தது' என்றான்.

'இதுக்குள்ளயோ?'

'ஓம்.'

'மழை பெய்தா நனைவாவோ?'

தகப்பன் அந்த மணலிலே அப்படியே இருந்துவிட்டான். நான் 'அழாதேயும்' என்று தடுத்த கண்ணீர் முழுவதும் அன்றைக்கு வந்தது. குழந்தை பயப்படவில்லை. பக்கத்திலே வந்து நின்று தன் கையால் தகப்பனின் முகத்தைத் துடைத்தது. அதன்பின் அவன் நாலு மணி பஸ்ஸுக்குப் போய் நிற்பதை நான் காணவில்லை.

காக்கையைப் பாருங்கள்

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்பது நம் பழமொழி. பிறர் கண்ணுக்கு அழகில்லாத பிள்ளையும் பெற்றவளுக்கு அழகு என்று அதை நாம் விளக்குவதுண்டு. படத்தில் வரும் அந்தப் பறவையினத்தை ஆராய்ந்தவர்கள் இன்னுமொன்று சொல்கிறார்கள். ஒருமுறை சோடி சேர்ந்த பறவைகள் பொதுவாக ஆயுள்வரை பிரிவதில்லை. பெட்டை ஏறத்தாழ பதினேழு, பதினெட்டு நாட்கள் முட்டையின்மேல் இருக்கும்போது சேவல் அதற்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். குஞ்சு பொரித்த பின் தாயும் தகப்பனும் ஆக இரண்டுமே ஊட்டும். இரை தேடுவது ஒன்று, ஊட்டுவது வேறொன்று என்று அங்கே பாகப்பிரிவினை கிடையாது. உழைத்துக் கொடுப்பது தகப்பன் கடமை, ஊட்டி வளர்ப்பது தாய் கடமை என்று பிரித்தவர்கள் நாமே. அந்தப் பிரிவினை தாய் இருக்கும்வரை ஓடும். தாய் போன அன்று அது நம்மைக் கைவிடுகிறது.

திருமறையிலே காகம் மதிப்புள்ள பறவையல்ல. லேவியர் ஆகமம் அதை அசுத்தமானவற்றின் வரிசையில் வைத்தது. ஆனாலும் கதறுகின்ற காகக் குஞ்சுகளுக்கு இரை கொடுப்பவர் இறைவனே என்று சங்கீதமும் யோபு ஆகமமும் சாட்சி சொல்கின்றன. கெரீத் ஓடையருகே பட்டினியாய் இருந்த எலியாஸ் தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் அப்பமும் இறைச்சியும் அனுப்பியது காகங்களின் வாயிலேதான். கவலைப்படாதிருக்கத் தம் சீடருக்குப் படிப்பிக்கும்போது, லூக்காஸ் நற்செய்தியின்படி, நம் ஆண்டவர் பார்க்கச் சொன்னதும் காகங்களையே. மயிலையல்ல, புறாவையல்ல, எவரும் விரும்பாத காகத்தைக் காட்டினார். எவரும் கவனியாத குஞ்சையும் தகப்பனாகிய இறைவன் கவனிக்கிறார் என்பதே அதன் கருத்து.

அந்த ஒல்லாந்துப் படத்திலே இறைவனின் பெயரைச் சொல்லிப் பிரசங்கம் செய்பவர் எவருமில்லை. ஆனால் வாய்மூடிக் கிடந்த வீட்டுக்குள் ஒரு காகக் குஞ்சு வந்தது. அது வந்தபடியால்தான் பையனுக்கு அன்புசெய்ய ஓர் உயிர் கிடைத்தது. எலியாஸுக்கு அப்பம் கொண்டுவந்த அதே இனத்துப் பறவை, இந்தத் தகப்பன் வீட்டுக்கு உண்மையைக் கொண்டுவந்தது என்று நான் எண்ணிக்கொண்டேன். உதவி நாம் பார்த்திருக்கும் திசையிலிருந்து வருவதில்லை. ஒருவனுக்குக் காகக் குஞ்சு. இன்னொருவனுக்குத் தலைபின்னக் கற்றுக்கொடுத்த அயல்வீட்டுப் பெண்.

யாக்கோபு செய்தது

பழைய ஏற்பாட்டிலே இத்தகைய தகப்பன் ஒருவர் உண்டு. ஆதியாகமத்தின் 35ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். யாக்கோபு தன் குடும்பத்தோடு பிரயாணம் செய்கிறார். பெத்லகேமுக்குப் போகும் வழியிலே அவர் மிக நேசித்த இராக்கேல் பிள்ளை பெறுகையில் இறந்து போகிறாள். உயிர் பிரியும் வேளை அவள் பிள்ளைக்குப் 'பெனோனி' என்று பெயரிட்டாள். என் துயரத்தின் மகன் என்பது பொருள். தகப்பனோ அந்தப் பெயரை மாற்றிப் 'பெஞ்சமின்', அதாவது வலக்கரத்தின் மகன், என்று அழைத்தார்.

இதிலே இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, தாயின் சாவைப் பிள்ளையின் தலையில் ஒரு பெயராகச் சுமத்த யாக்கோபு விடவில்லை. 'பிறந்ததும் தாயைத் தின்றது' என்று நம்மூரிலே சில வாய்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் இந்த அதிகாரத்தை முழங்காலில் இருந்து வாசிக்க வேண்டும். இரண்டாவது, யாக்கோபு சாவை ஒளிக்கவில்லை. வழியோரத்திலேயே அவளை அடக்கம்செய்து, கல்லறைமேல் ஒரு தூணை நிறுத்தினார். பிள்ளை வளர்ந்து கேட்டால் காட்டுவதற்கு ஓர் இடம் இருந்தது. பெயரை மாற்றினார், கல்லறையை மறைக்கவில்லை. துயரத்தைப் பிள்ளைமேல் சுமத்தாமலும், உண்மையைப் பிள்ளைக்கு மறைக்காமலும் இருப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறென்ன மறுமொழி வேண்டும்? யாக்கோபின் கூடாரத்திலே வேறு பெண்களும் இருந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பெயரையும் அந்தத் தூணையும் அவர் மற்றவர்களிடம் விட்டுவிடவில்லை. அவை தகப்பன் செய்ய வேண்டியவை.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், எதிர்பாராத தகப்பனாக நம் முன் நிற்பவர் புனித சூசையப்பர். அவர் திட்டமிட்ட வாழ்வு அதுவல்ல. கனவிலே கட்டளை வந்தது, எழுந்தார், பிள்ளையையும் தாயையும் ஏற்றுக்கொண்டார். அவர் பேசிய ஒரு சொல்லும் நற்செய்தியில் இல்லை. ஆனால் அவருடைய மௌனம் றொனால்டின் மௌனத்தைப் போன்றதல்ல. அது ஒளிக்கின்ற மௌனமல்ல, சுமக்கின்ற மௌனம். பன்னிரண்டு வயதிலே பிள்ளையைக் காணாமல் தேடிய நாட்களில் அவரும் மிகுந்த வேதனையோடு தேடினார் என்பதை மரியன்னையே தன் வாயால் சொல்லுகிறாள். அவருடைய வேதனையை அவள் மறைக்கவில்லை; மகனிடமே சொன்னாள். 1870ஆம் ஆண்டு மார்கழி 8ஆம் நாள் சூசையப்பர் அகிலத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். அதன் நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவிலே, 2020இல், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றி ஒரு திருமடல் வரைந்தார். பிள்ளை பிறந்ததனால் மட்டும் ஒருவன் தகப்பனாகிவிடுவதில்லை, அந்தப் பிள்ளையின் பொறுப்பை ஏற்கும்போதே தகப்பனாகிறான் என்பது அதன் சாரங்களில் ஒன்று.

நாம் செய்ய வேண்டியவை

தனித்து நிற்கும் தகப்பன்மாரே, முதலில் உங்களுக்குச் சொல்லுகிறேன். அழுவது ஆண்மைக்குக் குறைவல்ல. லாசரின் கல்லறையருகே நம் ஆண்டவர் அழுதார். அவரைவிட ஆண்மையுள்ளவர் யார்? பிள்ளைகளுக்கு முன்னால் அழுதால் அவர்கள் உடைந்துபோவார்கள் என்று பயப்படாதேயுங்கள். தகப்பன் அழாத வீட்டிலே பிள்ளைக்கும் அழ இடமில்லை. மனைவியின் பேரை வீட்டிலே சொல்லுங்கள். அவள் சமைத்த கறியைப் பற்றி, அவள் பாடிய பாட்டைப் பற்றி, அவள் கோபித்த நாளைப் பற்றியும் சொல்லுங்கள். இரவுச் செபமாலையிலே அவளுக்காக ஒரு காரணிக்கம் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லுங்கள். அவளுடைய பிறந்தநாள் வந்தால் அதை மறைத்துக் கடக்க வேண்டாம். பிள்ளைகளோடு சேமக்காலைக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாருங்கள்.

இரண்டாவதாக, அம்மம்மாக்களுக்கும் அப்பம்மாக்களுக்கும் மாமிமாருக்கும் சொல்லுகிறேன். உங்கள் அன்பு இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள். அதற்காக இறைவன் உங்களுக்கு நூறு மடங்கு தருவார். ஆனால் உதவிசெய்யப் போய்த் தகப்பனை அந்நியனாக்கிவிடாதேயுங்கள். அவன் சோறு குழையட்டும், பின்னல் சரியட்டும், பழகிக்கொள்வான். விடுதிகளும் அவசியமே, அங்கே பிள்ளைகளைத் தாயன்போடு பார்க்கும் அருட்சகோதரிகளை நான் அறிவேன். வேறு வழியில்லாத இடத்தில் அது இறைவனின் கொடை. ஆனால் வேறு வழி உண்டா என்று தகப்பனிடம் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் பேசும்போதும் அவதானமாயிருங்கள். 'அம்மா நித்திரை' என்றால் பிள்ளை நித்திரைக்குப் பயப்படும். 'அம்மா வெளிநாடு' என்றால் பிள்ளை பஸ் வரும்வரை காத்திருக்கும். 'ஆண்டவருக்குப் பூ தேவைப்பட்டது, அம்மாவைப் பறித்துக்கொண்டார்' என்றால், அந்த ஆண்டவரை அது எப்படி நேசிக்கும்? இறைவன் பிள்ளையின் கையிலிருந்து தாயைப் பறிக்கும் கள்வனல்லர். அம்மா நோயினால் இறந்துவிட்டா. இனி இந்த வீட்டுக்கு வரமாட்டா. ஆனால் ஆண்டவரிடத்தில் இருக்கிறா. நாமும் ஒருநாள் அங்கே அவவைக் காண்போம். இவ்வளவும் உண்மை, இவ்வளவும் குழந்தைக்கு விளங்கும். உயிர்ப்பை விசுவசிக்கிற நாம் சாவு என்ற சொல்லைச் சொல்ல ஏன் பயப்பட வேண்டும்? சாவை மறைத்தால் உயிர்ப்பைப் பற்றி என்ன சொல்லப்போகிறோம்?

மூன்றாவதாக, பங்கு மக்களாகிய நம் அனைவருக்கும். 2016ஆம் ஆண்டிலே குடும்பங்களைப் பற்றி வெளிவந்த 'அன்பின் மகிழ்வு' என்ற ஏட்டிலே, தாயோ தகப்பனோ தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் குடும்பங்களைக் கிறீஸ்தவ சமூகம் தாங்க வேண்டும் என்று திருத்தந்தை கேட்டுக்கொண்டார். ஏட்டிலே இருப்பது நம் ஒழுங்கையிலே நடக்க வேண்டும். செத்தவீட்டுக்கு எட்டு நாளும் சனம் வரும், முப்பத்தொன்றுக்கும் வரும். அதற்குப் பிறகு வாசலிலே எவரும் இல்லை. உண்மையான துக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. வின்சென்ட் டி போல் சபையினர் அந்த வீடுகளின் கணக்கை வைத்திருக்கட்டும். பெண்கள் ஒரு நேரக் கறியை அந்த வீட்டுக்கும் சேர்த்துச் சமைக்கட்டும். ஆண்கள் அவனோடு போய்த் திண்ணையிலே சற்று இருக்கட்டும். புத்திமதி சொல்ல வேண்டாம்; கூட இருந்தால் போதும்.

குருக்களாகிய எங்களுக்கும் ஒரு சொல். பெட்டியடியிலே அழுகிறவனை எழுப்பிவிட நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

அன்பார்ந்தவர்களே, அந்த மீனவனின் மகள் சென்ற வருடம் உறுதிபூசுதல் பெற்றாள். தம்பியை முன்னால் விட்டுக்கொண்டு அவள் கோவிலுக்குள் வந்தாள். பின்னல் நேராக இருந்தது. தகப்பன் பின்வாங்கிலே, தூணோரத்தில், கைகட்டி நின்றார். ஆயர் அவளுடைய நெற்றியில் திருத்தைலம் பூசியபோது அவர் அழுதுகொண்டிருந்தார். இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

காகக் குஞ்சுகளின் கதறலைக் கேட்கின்ற இறைவன் நம் வீடுகளிலே தாயின்றித் தவிக்கும் பிள்ளைகளையும், அவர்களைத் தனித்துச் சுமக்கும் தகப்பன்மாரையும் தம் கரத்தில் ஏந்திக் காப்பாராக. புனித சூசையப்பர் அவர்களுக்காக மன்றாடுவாராக.